சித்தியின் அடிக்குரல்

என் சித்தி போனை எடுத்து "அலோ" என்றால், அந்தப் பக்கம் இருப்பவர்கள் "சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். காஸ் சிலிண்டர் ஆபீஸ் பெண்ணிலிருந்து ஜெபக்கூட்டத்துக்கு அழைக்கிற ஊழியக்காரர் வரை யாரும் இதற்குத் தப்பியதில்லை. சித்தி திருத்த மாட்டாள். "சொல்லுங்க" என்று ஒரே வார்த்தையில் சார் ஆகிவிடுவாள். சாராக இருந்தால் சிலிண்டர் சீக்கிரம் வருகிறது என்பாள்.

அது கரகரத்த குரல் இல்லை. சளி பிடித்த குரலும் இல்லை. தெளிவான குரல்தான், மற்றப் பெண்களின் குரல் இறங்கி வந்து நின்றுவிடுகிற படிக்குக் கீழேயும் அவளுக்குப் படிகள் இருந்தன. சித்தி பாயில் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது அவள் முதுகில் காதை வைத்துக்கொண்டு ஏதாவது பாடச் சொல்வேன். பாட்டு காதில் விழுவதற்கு முன்பே என் கன்னத்தில் அதிரும். எனக்கு அப்போது ஒன்பது வயது. எல்லோருடைய சித்திகளும் இப்படித்தான் அதிர்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மினி பஸ்ஸில் அரைமணி நேரம். ஏரிக்கரையை ஒட்டிக் காலனி, காலனிக்கு நடுவில் எங்கள் சர்ச். சித்தி அம்மாவைவிடப் பத்து வயது சின்னவள். அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வரும்போதே தங்கையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உங்கம்மாவுக்குச் சீராக வந்த ஒரே பொருள் நான்தான் என்று சித்தி என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். என் அப்பாவை, அதாவது நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவரை, யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. செங்கல் சூளைக்கு டிராக்டர் ஓட்டினார். ஒரு வாரத்தில் அவர் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி டிராக்டரிடம் பேசியவை.

சர்ச்சில் சித்தி வாயை மட்டும் அசைப்பாள். சின்ன வயதில் ஒருமுறை முழுக் குரலில் பாடியபோது, ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்குள் யார் பாடுவது என்று தேடினார்களாம். அதற்குப் பிறகு பாஸ்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர், அவருக்குச் சத்தம் முக்கியமில்லை என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். அந்தம்மாவுக்குச் சத்தம் ரொம்ப உண்டு. கர்த்தர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

சித்திக்கு மூன்று வரன்கள் வந்து போயின. மூன்றாவது வரன் தவறிப்போனதற்குக் காரணமே அந்தப் போன்தான். மாப்பிள்ளையின் அக்கா ஏதோ விசாரிக்கச் சித்தியின் நம்பருக்குப் போன் செய்திருக்கிறார். சித்தி எடுத்துப் பேசியிருக்கிறாள். பெண்ணின் போனை யாரோ ஆம்பளை எடுக்கிறான் என்று புரோக்கரிடம் சொல்லி, அந்தப் பக்கம் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மா அன்றைக்கு முழுவதும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. இருபத்தாறு வயதுத் தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு அம்மா எதிர்கொண்ட கேள்விகளை நான் இப்போதுதான் கணக்கிட முடிகிறது.

நான்காவதாக வாலாஜாபாத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ரைஸ்மில்லில் மெஷின் பார்க்கிறவர். உயரமானவர். உட்காரும்போதுகூட யாருக்கும் இடைஞ்சலாக இருந்துவிடக் கூடாது என்பதுபோலக் காலை மடக்கிக்கொள்வார். அவர்கள் வருவதற்கு முன்பு நைனா தன் வார வார்த்தைக் கணக்கில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் செலவழித்தார். "வாயத் தொறக்காத இருந்தா போதும். தொண்ட கட்டிக்கினு கீதுன்னு சொல்லிக்கலாம்."

அப்படியே சொன்னார்கள். சித்தி டீ கொண்டுவந்து கொடுத்தாள், சிரித்தாள், கும்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா, அடக்கமான பெண் என்று அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். ஒரு மாதத்தில் நிச்சயம் ஆயிற்று. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை என்னிடம் சாக்லேட் கொடுத்து, இனிமேல் சித்தப்பா என்று கூப்பிட வேண்டும் என்றார். பிறகு, கழுத்தைச் சொறிந்துகொண்டே, சித்தியின் போன் நம்பரைக் கேட்டார்.

அங்கேதான் வந்தது பேஜார். நிச்சயம் ஆன பெண்ணிடம் பேசக் கூடாது என்று சொல்ல இது அந்தக் காலம் இல்லை. எத்தனை நாளைக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும்? வீட்டில் ஒரு முடிவு செய்தார்கள். சித்தி ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் சார்ஜருக்கு வயர் பொருத்துகிற வேலை பார்த்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் போன் எப்போதும் வீட்டில்தான் இருக்கும். அம்மாவின் குரல் மெல்லிசானது, பாடாமலேயே பாட்டுப்போல இருப்பது. ஆகவே கல்யாணம் வரைக்கும் அம்மாவே சித்தியாகப் பேசிவிடுவது. தாலி ஏறிய பிறகு குரலைப் பற்றி யார் என்ன செய்ய முடியும்? பெண் வேலையை விட்டுவிட்டாள் என்றும் அந்த வீட்டுக்குச் சொல்லியாயிற்று. பொய் தனியாக இருந்தால் பயப்படும் என்று துணைக்கு இன்னொன்றையும் அனுப்பிவைத்தோம்.

மில்லில் நாலரை மணிக்கு டீ. நாலே முக்காலுக்கெல்லாம் போன் அடிக்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைப்பதற்கும் அதற்கும் சரியாக இருக்கும். அம்மா போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் முருங்கை மரத்தடிக்குப் போவாள். பக்கத்து வீட்டு அக்கா யாராவது வந்தால் நான் இரும வேண்டும்.

முதலில் அம்மாவுக்கு வியர்த்தது. "ம்", "ஆச்சிங்க", "நீங்க?" என்று மூன்றே வார்த்தைகளில் பத்து நாள் ஓட்டினாள். பிறகு ஒருநாள் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். முருங்கைப் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டே, ஏரி நிரம்பினால் எப்படி இருக்கும், அதில் கொக்குகள் எங்கே வந்து உட்காரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொக்குகளைப் பற்றி இவ்வளவு தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நூறுநாள் வேலையிலிருந்து வந்ததும் இப்போது முகம் கழுவித் தலை வாரிக்கொண்டாள். வெயில் அதிகம், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். கார்த்திகை மாதத்தில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி வீட்டில் இருப்பாள். அன்றைக்கு மட்டும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்காவும் தங்கையுமாக உட்கார்வார்கள். சித்தி தன் கல்யாணப் பேச்சைப் பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பதுபோல முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்பாள். ஒருநாள் அவர், உனக்குப் பிடித்த குழம்பு என்ன என்று கேட்டார். அம்மா யோசிக்காமல், கருவாட்டுக் குழம்பு என்றாள். பேசி முடித்ததும் சித்தி சொன்னாள்:

"அக்கா, எனக்குக் கருவாடு ஆவாதே."

"அதுக்கு இன்னாடி இப்போ? துன்னுப் பழகிக்கோ."

சித்தி சிரித்தாள். சிரித்துவிட்டு, அவர் உன்னைத்தான் கட்டிக்கப் போறார் போல இருக்குக்கா என்றாள். அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துப்போட்டுத் தேய்த்தாள்.

அந்த வருடம்தான் கிறிஸ்துமஸ் பாட்டு சொல்லிக்கொடுக்கச் செங்கல்பட்டிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். மாஸ்டர் என்று கூப்பிட்டோம். சின்ன வயதுக்காரர், கீபோர்டைப் போர்வையில் சுற்றி, பைக்கின் பின்னால் கைக்குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு வருவார். ஒரே பாட்டை நான்கு விதமாகப் பாட வேண்டும், நான்கும் ஒன்றாகச் சேர வேண்டும் என்றார். பெண்களுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆண்களுக்கும் அப்படியே. எங்கள் ஊரில் ஒரே பாட்டை நாற்பது விதமாகப் பாடுவது வழக்கம்தான், ஆனால் சேர்வது இல்லை.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பாடச் சொல்லிப் பார்த்தார். சித்தி வராமல் தூணுக்குப் பின்னால் நின்றாள். நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு கட்டையை அழுத்தினார். சித்தி அதைப் பாடினாள். அதற்குக் கீழே அழுத்தினார். பாடினாள். இன்னும் கீழே, இன்னும் கீழே என்று அவர் விரல் நகர்ந்துகொண்டே போனது. சித்தி வாசற்படி இறங்குவதைப் போல அவ்வளவு சுலபமாக இறங்கினாள். பாஸ்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இத்தன நாளா நீங்க எங்க பாடிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார்.

சித்தி தூணைத் திரும்பிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

பெண்களின் குரல்களிலேயே ரொம்பக் கீழே இருப்பது இது, கான்ட்ரால்ட்டோ என்று இதற்குப் பெயர், இந்தக் குரலுக்கென்றே வெளிநாட்டு மேடைகளில் தனியாகப் பாட்டு எழுதிவைத்திருக்கிறார்கள், இதைத் தேடினாலும் கிடைக்காது என்று மாஸ்டர் சொன்னார். சித்தி அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். இருபத்தாறு வருடமாக ஒரு கோளாறோடு இருப்பதாக நினைத்தவளுக்கு அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது தெரிந்த நாள் அது. வீட்டில் வந்து நான் நைனாவிடம் சொன்னேன். "காரு பேரு மாதிரி கீது" என்றார் அவர்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் சித்தி ஒரு சரணத்தைத் தனியாகப் பாட வேண்டும் என்று முடிவாயிற்று. அம்மா முடியவே முடியாது என்றாள். வாலாஜாபாத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர்கள் போவது வேறு சர்ச், கிறிஸ்துமஸ் அன்று அவர்களுக்கும் ஆராதனை இருக்கும், இங்கே யார் வரப்போகிறார்கள் என்று சித்தி சொன்னாள். ஒரே ஒரு தடவை, அக்கா, கல்யாணத்துக்குப் பிறகு வாயைத் திறக்கவே மாட்டேன் என்றும் சொன்னாள். கடைசியில் அம்மா சரி என்றாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகச் சர்ச்சுக்குப் போய் ஒத்திகை முடித்து வருகிற சித்தியை அந்த நாட்களில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடையே மாறியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் போன் அடித்தது. எடுக்கக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. எடுத்தேன். "சித்தப்பா பேசுறேம்மா" என்றார். நான் எந்த வகுப்பு, என்ன சட்டை எடுத்தார்கள் என்றெல்லாம் கேட்டார். அவ்வளவு நல்ல மனிதருக்கு நானும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்த பெரிய சேதியைக் கொடுத்தேன். சித்தி தனியாகப் பாடப் போகிறாள், எங்கள் மாஸ்டர் இந்த மாதிரிக் குரலைக் கேட்டதே இல்லை என்றார், நீங்கள் வந்தால் சித்திக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று சொன்னேன். அவர் சிரித்து, வருவதை யாரிடமும் சொல்லாதே, திடீரென்று வந்து நிற்கிறேன் என்றார். நான் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

அவரும் அவருடைய அம்மாவும் ஆராதனை தொடங்கிய பிறகு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா முன்னால் இருந்தாள், பார்க்கவில்லை. நான் பார்த்துக் கையசைத்தேன்.

சித்தி முன்னால் வந்து நின்று கையைக் கோத்துக்கொண்டாள். பாடினாள். அதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது வரியில் குழந்தைகள் ஓடுவதை நிறுத்தினார்கள். ஜோடனைக் காகிதங்கள் ஃபேன் காற்றில் படபடப்பது கேட்டது. வயலில் காவலிருந்த மேய்ப்பர்களைப் பற்றிய பாட்டு அது. அந்தக் குரலில் கேட்டபோது அவர்கள் எங்கள் ஏரிக்கரையில் குளிரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்த நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாஸ்டர் "ஆமென்" என்று சொன்ன பிறகுதான் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

வாசலில் டீயும் கேக்கும் கொடுத்தார்கள். கேக் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவர் அம்மாவைக் கவனிக்காமல் நேராகச் சித்தியிடம் போனார்.

"பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சி" என்றார். கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"தேங்க்ஸ்ங்க" என்றாள் சித்தி.

அவர் முகத்தில் சிரிப்பு இருந்தபடியே குழப்பம் வந்தது. "தொண்ட கட்டிச்சா? நேத்துகூட நல்லாத்தான பேசுன?"

சித்தி ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் தயாராக இருந்த பொய்தான். ஆனால் அன்றைக்கு, பாடி முடித்த அந்தப் பொழுதில், அவளால் முடியவில்லை போலும். "இல்லிங்க. என் குரலே இதான். நேத்து பேசினது நான் இல்ல" என்றாள்.

"பின்ன யாரு?" என்று அவருடைய அம்மா கேட்டார்.

வகுப்பில் டீச்சர் கேட்டு, பதில் தெரிந்தும் எல்லோரும் சும்மா இருப்பதுபோல எனக்கு இருந்தது. "எங்கம்மாதான் தெனமும் பேசுவாங்க" என்று சொன்னேன்.

அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா கேக் தட்டை இறுக்கிக்கொண்டு, "தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவருடைய முகம் கன்றிவிட்டது. அதுவரை அவர் அம்மாவிடம் நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அவளையும், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்ககிட்டயா நான் எல்லாத்தியும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவருடைய அம்மா, ஆம்பளக் குரலை மறைத்து எங்கள் தலையில் கட்டப் பார்த்தீர்களா என்று சத்தம் போட்டார். கூட்டம் சேர்ந்தது. அவர் தன் அம்மாவின் கையைப் பிடித்தார்.

"கொரல்ல ஒன்னும் இல்லம்மா. அது நல்லாதான் கீது. வா, போவலாம்."

இரண்டு நாளில் புரோக்கர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்குப் பெண்மீது குறை எதுவும் இல்லையாம், மனசு விட்டுப்போச்சாம். நாங்கள் மறைத்த குரலால் அந்தக் கல்யாணம் நிற்கவில்லை, மறைத்ததால் நின்றது.

நைனா சித்தியைத் திட்டவில்லை. ஏன் பாடினாய் என்று மட்டும் கேட்டார். "பாடணும்னு இருந்துச்சி மாமா" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு டிராக்டரைக் கழுவப் போனார். சித்தி மறுநாளே கம்பெனிக்குப் போனாள். எழுந்திருக்காதவள் அம்மாதான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கமாகப் படுத்திருந்தாள். காலனிப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, தங்கச்சி வாழ்க்கை இப்படி ஆனதில் பாவம் எப்படி உடைந்துபோயிருக்கிறாள், பெற்ற தாய்கூட இப்படி இருக்க மாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். வேலையிலிருந்து திரும்பிய சித்தி சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "எழுந்து துன்னுக்கா" என்று அந்த அடிக்குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றுபோனவள் எதற்கு மற்றவளுக்கு ஊட்டிவிடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் அதற்குப் பிறகு வரவில்லை. செங்கல்பட்டில் அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றார்கள். நான்கு விதமாகப் பாடியவர்கள் பழையபடி நாற்பதுக்குத் திரும்பினார்கள். சித்தி மட்டும் தன் பகுதியை மறக்கவில்லை. இப்போது அவள் கம்பெனியில் லைன் லீடர். மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கிற குரல் அவளுடையது ஒன்றுதான் என்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாவு பிசையும்போதோ துணி உலர்த்தும்போதோ அந்தக் கீழ்ப்பகுதியைப் பாடுகிறாள். கூடச் சேர வேண்டிய மற்ற மூன்றும் இல்லாமல் கேட்டால் அது ஒரு பாட்டு என்றே தெரியாது. எங்கேயோ தொடங்கி எங்கேயோ நின்றுவிடும்.

பொங்கலுக்கு முன்பு, நிச்சயத்துக்கு வைத்த புடவையையும் மோதிரத்தையும் திருப்பிக் கொடுக்க அம்மாவும் நானும் வாலாஜாபாத் போனோம். புரோக்கரிடம் கொடுத்தனுப்பலாம் என்று நைனா சொன்னார். அம்மா, தானே போவதுதான் மரியாதை என்றாள். ரைஸ்மில்லைத் தாண்டி இரண்டாவது தெருவில் வீடு. அவருடைய அம்மா பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் வெளியே வந்து, ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். எனக்கு அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாததால் சும்மா இருந்தேன். அம்மாவும் ஒன்றும் பேசவில்லை. தண்ணீரை வாங்கியதும் குடித்ததும் சொம்பைத் திருப்பிக் கொடுத்ததும் தரையைப் பார்த்துக்கொண்டேதான். "பாத்துப் போங்க" என்று அவர் சொன்னார். அம்மா அதற்கும் பதில் சொல்லவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. மரியாதைக்காகத்தான் வந்தோம் என்றால் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

பஸ் ஏறி உட்கார்ந்து, வண்டி மார்க்கெட்டைத் தாண்டிய பிறகு அம்மா என்னிடம் கேட்டாள்.

"அவரு மூஞ்சி எப்டி இருந்துச்சி?"

"நீ பாக்கலியா?"

"நீ சொல்லு."

அவர் கோபமாக இருந்தாரா என்றுதான் அவள் கேட்கிறாள் என்று நினைத்தேன். நன்றாக யோசித்துப் பார்த்து, கோபமா இல்லம்மா, கொஞ்சம் எளச்சிருந்தாரு, அவ்ளோதான் என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய பயத்தைப் போக்கிவிட்டேன் என்ற திருப்தியோடு, உத்திரமேரூர் வரும்வரை அவள் மடியில் தலைவைத்துத் தூங்கினேன்.